கைக்கு எட்டாத சுவிட்ச்: மின் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மின் வழங்கல் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு மின் இணைப்பு என் தம்பியின் பெயரில் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் அவனுக்குக் கழுத்தருகே தண்டுவடம் அடிபட்டது. அன்றிலிருந்து தோளுக்குக் கீழே உடம்பு அவன் சொல்பேச்சு கேட்பதில்லை. வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் ஓரளவு அசையும். அந்த மூன்று விரல்களால் கணினியில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறான். மின்கட்டணத்தையும் அவனே கட்டுகிறான்.

சென்ற கோடைக்கு முன் வீட்டுக்கு ஒரு மின்சிக்கனத் துண்டறிக்கை வந்தது. அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள் என்பது அதன் முதல் அறிவுரை. என் தம்பி அறையை விட்டு வெளியேற வேண்டுமென்றால் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க ஒருவர் வேண்டும். சுவிட்ச் பலகையோ கதவுக்குப் பின்னால், நிற்பவர்களின் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. நள்ளிரவில் குளிரெடுத்தால் மின்விசிறியைக் குறைக்க என்னைத்தான் எழுப்ப வேண்டும். அக்கா களைத்துப்போய்த் தூங்குகிறாளே என்று எண்ணி, விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடந்த இரவுகள் அவனுக்கு உண்டு. அந்த இரவுகளில் ஓடிய மின்சாரம் வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சேமிக்க அவனுக்கு வேண்டியிருந்தது அறிவுரை அன்று, கைக்கு எட்டும் ஒரு சுவிட்ச்.

பிறகு பிஎல்டிசி எனப்படும், குறைந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டார் பொருத்திய மின்விசிறி ஒன்றை வாங்கினோம். பழையது 75 வாட். இரவும் பகலும் ஓடியதால் மாதம் 54 யூனிட் இழுத்தது. புதியது 30 வாட்தான், மாதம் 22 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய காரியம், அதனோடு வந்த ரிமோட். அதைப் படுக்கையின் பக்கவாட்டுக் கம்பியில், அவனுடைய விரல்கள் படும் இடத்தில் கட்டிவைத்தோம். பொத்தான்கள் வழுக்கியதால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு ரப்பர் துண்டை ஒட்டினேன். முதல் நாள் இரவு அவன் அதை எத்தனை முறை கூட்டிக் குறைத்தான் என்று எண்ணவில்லை. ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தன் அறையின் காற்றைத் தானே தீர்மானித்தான்.

இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவியும் அவர்களுக்குச் சுதந்திரம் தரும் கருவியும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட கருவியின் விலை, ஏற்கெனவே மருந்துக்கும் பராமரிப்புக்கும் செலவழித்து வறண்டுபோன குடும்பத்தால் ஒரே மூச்சில் கொடுக்கக்கூடியதாக இருப்பதில்லை. பழைய விசிறிகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் மாற்றித் தரும் திட்டங்களை நீங்கள் அறிவிக்கும்போது இந்தக் குடும்பங்களை வரிசையின் முன்னால் நிறுத்துங்கள். தொகையை மாதத் தவணையாகப் பில்லிலேயே கழித்துக்கொள்ளலாம், குறையும் யூனிட்டுகளே அதில் ஒரு பகுதியை அடைத்துவிடும்.

இனி, குறைக்கவே முடியாத யூனிட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

மின்விசிறி நமக்குக் குளிர்ச்சி தருவது பெரும்பாலும் வியர்வையை உலர்த்துவதால்தான். தண்டுவடம் கழுத்தருகே அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உடம்பு சரிவர வியர்ப்பதில்லை. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகிக்கொண்டே போகும். ஆகவே கோடையில் ஏசி எங்களுக்கு ஆடம்பரம் ஆகாது, அது மருந்து. அதையும் சிக்கனமாகவே பயன்படுத்துகிறோம். ஏசியை 27 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, தோளில் ஈரத்துணியைப் போர்த்தினால் அவனுக்குப் போதுமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுகிறேன். இதற்கு மேல் குறைத்தால் அவனுக்குக் காய்ச்சல்தான் வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நுரையீரல் நோயால் நாள் முழுக்க, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டியோடு வாழ்கிறார். அந்த இயந்திரம் ஏறக்குறைய 300 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 7 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல் வரும். வீட்டில் வேறு ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் இந்த 200 ஓடித்தான் ஆக வேண்டும். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் படிநிலைக் கட்டணத்தில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அவருடைய மூச்சுக்காற்று முதல் படிகளையெல்லாம் தின்றுவிடுகிறது. சமையலறை விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் உயர்ந்த படியின் விலைக்குப் போய்விடுகின்றன. அதிகம் செலவழிப்பவரைச் சிக்கனத்துக்குத் திருப்புவதற்காக வகுத்த கட்டணம், சிக்கனம் செய்ய வழியே இல்லாதவரைத் தண்டிக்கிறது. மருத்துவக் கருவிக்கான யூனிட்டுகளை முதலில் தனியே கழித்துவிட்டு, மீதியை மட்டும் படிநிலையில் ஏற்றுங்கள். கலிஃபோர்னியாவில் இத்தகைய வீடுகளுக்குக் குறைந்த விலையில் கூடுதல் யூனிட்டுகளை ஒதுக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. கணக்குப் போடுவது கடினம் என்று யாராவது சொன்னால், கருவியின் பின்புறத்திலேயே அதன் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது.

மின்சாரம் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். என் தம்பி படுத்திருப்பது படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை. அதன் பம்பு ஒரு சிறிய இரவு விளக்கின் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும், ஆனால் இடைவிடாமல் ஓட வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மெத்தை மெல்ல மெல்லத் தட்டையானது. அவனுடைய இடுப்பெலும்பு கட்டில் பலகையில் முட்டுவதை என் உள்ளங்கையால் உணர்ந்தேன், அவனால் உணர முடியவில்லை. வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் அடியில் சொருகினோம். நானும் அம்மாவும் அரை மணிக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைத்தோம். ஐந்தரை மணி நேரம். மறுநாள் அங்கே ஒரு சிவந்த தடம் இருந்தது. அது புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது. நிறுத்தப்போகிறோம் என்று இரண்டு நாள் முன்பே ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் ஒரு பேட்டரியை வாடகைக்கு எடுத்திருப்போம்.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான பகுதிகளில், உயிர்காக்கும் கருவி இருப்பதாகப் பதிவு செய்த வீட்டுக்குத் திட்டமிட்ட மின்தடையைக் குறைந்தது 4 வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் கூடுதல் உதவி தேவைப்படும் நுகர்வோருக்கான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், பிரெய்லியிலோ பெரிய எழுத்திலோ பில்லும் கேட்டுப் பெறலாம். அப்படியொரு பதிவேடு இல்லாத இடங்களில் உடனே தொடங்குங்கள். ஏற்கெனவே இருந்தால், இருப்பதை மக்களுக்குச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழை ஒரு முறை வாங்கினால் போதும். தண்டுவடம் ஆண்டுதோறும் குணமாகி மறுபடி முறிவதில்லை. சான்றிதழைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் வண்டி, துணைக்கு இரண்டு பேர், அரைநாள் சம்பளம் தேவைப்படுகின்றன. முன்பணம் தீர்ந்ததும் தானாகத் துண்டிக்கும் மீட்டர்களை இந்த வீடுகளில் தயவுசெய்து பொருத்தாதீர்கள். யாருடைய பில்லாவது நிலுவையில் இருந்தால், நேரில் ஒருவர் வந்து பேசாமல் இணைப்பைத் தொடாதீர்கள்.

எங்கள் மீட்டர் மாடிப்படிக்கு அடியில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. பணம் கட்டுகிறவன் இதுவரை அதைப் பார்த்ததில்லை. பார்வையற்றவர்களுக்கு எந்த மீட்டரின் திரையும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டைக் காட்டும் செயலியை, திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் படிக்கும்படி அமையுங்கள். எந்த நாளில் எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் யாரும் சேமிக்க முடியும்.

துண்டறிக்கை அச்சடிக்கும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். பிளக்கில் செருகி அளக்கும் சிறிய மீட்டரோடு வந்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். சக்கர நாற்காலியின் சார்ஜரை டைமர் போட்டுக் கட்டணம் குறைந்த நேரத்துக்கு மாற்றலாமா, எந்தக் கருவியை ஒருபோதும் அணைக்கக் கூடாது, எந்தச் சுவிட்சைக் கீழே இறக்க வேண்டும் என்று அவர் அந்த வீட்டு மனிதரிடமே கேட்கட்டும். பக்கத்தில் நிற்கும் உறவினரைக் கேட்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 28ஆம் பிரிவு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உடல்நிலையால் வரும் செலவுகளில் அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. ஆக்சிஜன் செறிவூட்டி இழுக்கும் 200 யூனிட் அந்தச் செலவில் அடங்காதென்றால் வேறு எது அடங்கும்?

அடுத்த கட்டண உயர்வுக்கு முன் நீங்கள் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால் என் தம்பி அதில் பேச விரும்புகிறான். கடந்த இரண்டு ஆண்டுகளின் பில்களை மாதவாரியாக அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். கூட்டம் நடக்கும் அரங்கில் சாய்தளம் இருக்கிறதா, நாற்காலிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் கிடைக்குமா என்பதை மட்டும் ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின்நுகர்வோரின் அக்கா