சிக் ரூம் நோட்டு

சாட்ஸ்வொர்த், டர்பன்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். இங்கிலீஷில் மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை படித்தாக வேண்டும். சனிக்கிழமை தவறாமல் கோயில் பாடசாலைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கான கூலியை இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "ஐ.சி.யு.வில் நாலு மெஷினைச் சேர்த்துப் பார்த்தவள் நான். இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் ஸ்கூல் நர்ஸாக உட்கார்ந்து முழங்காலுக்கு பிளாஸ்டர் ஒட்டுகிறேன், பனாடோ காய்ச்சல் சிரப் அளக்கிறேன்" என்றாய். பக்கத்தில் இருந்த அப்பா, "சம்பளம் ஒழுங்காக வருகிறதா, கேள்" என்றார். அவர் கவலை அவருக்கு. எனக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு வருஷம் நான் செய்ததும் அந்த பிளாஸ்டர் வேலைதான், அதுவும் தோளில் நர்ஸின் மெரூன் பட்டை இல்லாமல்.

எங்களைப் போன்ற அரசாங்கப் பள்ளியில் நர்ஸ் ஏது? காய்ச்சல், வாந்தி, மூக்கில் ரத்தம் எல்லாம் என்னைப் போன்ற ஆபீஸ் அம்மாவின் தலையில்தான் விழும். போட்டோகாப்பி மெஷினுக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு வாளி, டெட்டால், பஞ்சு, ஒரு சாம்பக் களிம்பு டப்பா. அதுதான் எங்கள் சிக் ரூம். நிஜ நர்ஸ்மார் கவர்மென்ட் வண்டியில் எப்போதாவது வருவார்கள். 2012-இல் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் புதிய பள்ளிச் சுகாதாரக் கொள்கை வந்த பிறகு கொஞ்சம் ஒழுங்கு வந்தது. ஒன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் கண், காது, பல், எடை, உயரம் பார்ப்பார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் எட்டும் பத்தும். அவர்கள் போன பிறகு மிச்ச நாளெல்லாம் நானும் என் நோட்டும்.

அந்த நோட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய சாதாரணக் கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், வகுப்பு, என்ன குறை, என்ன செய்தேன். பிரின்சிபல் கேட்டால் காட்ட வேண்டும் என்பதற்காக எழுதினேனே தவிர, திருப்பிப் படித்ததில்லை. ஒரு பிள்ளையை ஏறக்குறைய இழக்கப் பார்த்த பிறகுதான் படித்தேன்.

நீ அப்போது சின்னப் பெண், உனக்கு நினைவிருக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, நல்ல சுறுசுறுப்பான பிள்ளை, தண்ணீர் குடிக்க ஆபீஸுக்கு வர ஆரம்பித்தது. கோடைக்காலம், டர்பன் வேக்காடு, யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அப்புறம் "டயர்டா இருக்கு ஆன்ட்டி" என்று கட்டிலில் படுத்தது. வகுப்பு டீச்சர் ஒரு நாள் வந்து, பாடம் நடக்கும்போது பத்து தடவை டாய்லெட் கேட்கிறாள், கணக்குப் பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார். நானும் அதை நம்பி, "என்னம்மா, பெஞ்சில் உட்கார மனசில்லையா?" என்று அதட்டி அனுப்பினேன். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை வாந்தி எடுத்தபடி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஏதோ வீட்டு விசேஷம் என்றதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஆனால் மூச்சு சரியாக இல்லை. ஓடி வந்தவள் மூச்சுவிடுவதுபோல ஆழமாக, வேகமாக. ஓடி வரவில்லையே! குனிந்தபோது வாயிலிருந்து அழுகிய பழ வாசனை, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி. எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் ஒரு சாரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

சுகர். எனக்குத் தெரிந்த சுகர் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் வருவது, இனிப்பைக் குறைத்து மாத்திரை விழுங்குவது. பிள்ளைகளுக்கு இன்சுலினே சுரக்காமல் நின்றுபோகும் வகை ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். உனக்கு இது பாலபாடம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, மெலிவு, இந்த நாலும் சேர்ந்தால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும் என்பாய். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிள்ளை பிழைத்தது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு நோட்டைப் பிரித்தேன். மூன்று வாரத்தில் ஏழு தடவை அந்தப் பெயர். "தண்ணீர்." "களைப்பு." "தண்ணீர்." "வயிற்று வலி." எல்லாம் என் கையெழுத்து. தாகமும் களைப்பும் ஒரே பிள்ளையின் கதை என்பது நான் எழுதிய பக்கத்திலேயே இருந்தது. தனித்தனி நாளாகப் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே இன்னொரு கட்டம் கோடு போட்டேன், "எத்தனையாவது தடவை" என்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் டீயை வைத்துக்கொண்டு வாரம் முழுவதையும் படிப்பேன். மூன்று தடவை வந்த பெயருக்கு வட்டம். அவ்வளவுதான் என் மருத்துவம். ஆனால் அந்த வட்டம் என்னென்ன சொன்னது தெரியுமா? திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி வரும் அண்ணன் தம்பி இரண்டு பேர். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதுதான் அவர்களின் கடைசி முழுச் சாப்பாடு. அவர்களுக்கு மருந்து பீனட் பட்டர் தடவிய இரண்டு துண்டு ரொட்டி. மாதத்தில் மூன்று நாள் தலைவலி சொல்லி வீட்டுக்குப் போகும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் பேட் வாங்கக் காசில்லை. அதன் பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் பேட் வைத்தேன், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று. அதை வாங்க டீச்சர்களிடம் மாதாமாதம் கை நீட்டினேன், வெட்கப்படவில்லை.

அந்தச் சுகர் பிள்ளை திரும்பி வந்ததும் அவள் இன்சுலின் பேனா எங்கள் ஸ்டாஃப் ரூம் பிரிட்ஜில் குடியேறியது. ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும் என்று யாரோ ஒரு சாரிடம் நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். சுகர் இறங்கிக் கை நடுங்கி வியர்த்து வந்தால் அரை டம்ளர் ஜூஸ், கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்ப்பது. வகுப்புக்குத் தனியாக அனுப்பக் கூடாது, கூட ஒரு பிள்ளை போக வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பத்து வயசுப் பிள்ளைதான்.

ஆஸ்துமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மெரபேங்க் அத்தை வீட்டில் ஒரு வாரம் தங்கினால் உனக்கே இழுக்கும். இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் அந்தப் பக்கம் பிள்ளைகள் படித்தார்கள். 2000-த்தை ஒட்டி அங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தபோது, பாதிப் பேர் அளவுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. எங்கள் பள்ளிக்கு அங்கிருந்து மாறி வந்த பிள்ளைகள் பையில் புத்தகம் இல்லாவிட்டாலும் மூச்சுக்கு அடிக்கும் நீலப் பம்ப் இருக்கும். பம்பை நேராக வாயில் அடித்தால் பாதி மருந்து நாக்கில்தான் போகும், அதற்குப் பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழல் வேண்டும். அதற்குக் காசு? வண்டியில் வந்த ஒரு நர்ஸ் அம்மா, அரை லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, சுற்றி அடைத்து, "இதுதான் ஸ்பேசர்" என்றார். நான் நம்பவில்லை. கேப்டவுனில் டாக்டர் ஹெதர் ஜார் குழுவினர் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இது குறைந்ததில்லை என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள் என்றார். ஸ்டைரோஃபோம் கப்பையும் சோதித்தார்களாம், அது சரிப்படவில்லையாம். அன்றிலிருந்து நம் வீட்டில் கூல்ட்ரிங்க் பாட்டில் எதுவும் குப்பைக்குப் போனதில்லை. நீயும் அண்ணனும் "அம்மா பழைய பாட்டில் வியாபாரம் பண்றா" என்று சிரித்தீர்கள். உன் பள்ளிக்கூடத்தில் நிஜ ஸ்பேசரே இருக்கும். இருந்தாலும் மலையேற்றம், கேம்ப் என்று கூட்டிக்கொண்டு போவார்கள் அல்லவா, அங்கே மறந்துவிட்டு வந்தால் இது கை கொடுக்கும்.

வலிப்பு வந்தால் ஓடிப்போய் இரும்புச் சாவி தேடுகிற கூட்டம் உன் பள்ளியிலும் இருக்கும். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனைத் திணிக்கப் போனார். ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு அடியில் எதையாவது மெத்தென்று வை, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதை ஸ்டாஃப் மீட்டிங்கில் வருஷா வருஷம் சொல்லு. புது டீச்சர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

2014-இல் நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான தடுப்பூசியை அரசாங்கம் பள்ளிகளில் போட ஆரம்பித்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லாமலே பல திரும்பி வந்தன. பிள்ளை பெற முடியாமல் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சின்ன அத்தை எதில் போனாள் என்று நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், அதே புற்றுதான். நான் ஒவ்வொரு அம்மாவுக்கும் போன் போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் சின்ன அத்தையின் கடைசி ஆறு மாதத்தைச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரிந்தால் குடும்ப விஷயத்தைத் தெருவில் போட்டாயா என்பார். இதை அவரிடம் படித்துக் காட்டாதே. படிவங்கள் வந்தன, எல்லாம் இல்லை, நிறைய.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு வயசு தாண்டிய பிள்ளை, புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால், தானே மருத்துவத்துக்குச் சம்மதம் சொல்லலாம் என்று 2005-ஆம் வருஷத்துப் பிள்ளைகள் சட்டம் சொல்கிறது. பெற்ற அம்மாவிடம் மறைப்பதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் என் கட்டிலில் உட்கார்ந்து, "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, நான் தயங்கியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை. அந்தத் தயக்கத்தை நீ எப்படிச் சமாளிக்கிறாய்? அடி, கொடுமை என்று சந்தேகம் வந்தால் மேலே தெரிவித்தே ஆக வேண்டும், அது வேறு, அதில் நான் தயங்கியதில்லை. ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்ல நேர்ந்த ஒரு தடவை இருக்கிறது. அந்தப் பையன் அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை. நோட்டில் அவன் பெயரும் வரவில்லை. வட்டம் போட ஒன்றுமில்லாத பெயர் அது.

எழுதப் போனது ஒரு பக்கம், இழுத்துவிட்டது. கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிறு வருகிறது, உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், உன் பங்கை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன், எண்ணெய் கசியும், நிமிர்த்தி வை. பாட்டில் காலியானால் தூக்கி எறியாதே.

உன் கிளினிக்கில் கட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது? நீ மேஜையில் எழுதும்போது படுத்திருக்கிற பிள்ளையின் முகம் தெரிகிறதா? தெரியாவிட்டால் நாளைக்கே யாரையாவது பிடித்து இழுத்துத் திருப்பிப் போடு, நீ தனியாகத் தூக்காதே, முதுகு பிடித்துக்கொள்ளும்.

அன்புடன்,
அம்மா