மின்கட்டண ரசீதும் எங்கள் சுற்றுச்சூழல் பாடமும்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல் கல்வித் தாளில் களப்பணியை உண்மையாகவே நடத்தித் தர வேண்டும் என்று மூன்று துறை மாணவர்கள் கையெழுத்திட்டு அளித்த மனுவுக்கு, ‘அப்பாடம் ஏற்கெனவே நடத்தப்பட்டு வருகிறது’ என்ற ஒற்றை வரிப் பதில் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அது எப்படி நடத்தப்படுகிறது என்பதுதான் எங்கள் மனுவின் பொருள். ஆகவே அதே கோரிக்கையை இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சஸ்டைனபிலிட்டி (சுற்றுச்சூழல் பொறுப்பைக் கவனிக்கும்) பிரிவில் உதவியாளர் வேலைக்காக எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் நேர்காணலுக்குப் போயிருந்தோம். ஆறு பேருமே சுற்றுச்சூழல் தாளில் எண்பதுக்கு மேல் வாங்கியவர்கள். அங்கிருந்த அதிகாரி ஆலையின் ஒரு மாத மின்கட்டண ரசீதையும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில்லையும் மேசைமேல் வைத்து, “இந்த மாதத்துக் கார்பன் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்” என்றார்; ஆலையால் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்ற கணக்கு அது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது என்பதோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பெருக்கிக் கூட்டி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். ரசீதில் கேவிஏ என்று அச்சிட்டிருப்பது எதைக் குறிக்கிறது என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஓசோன் படலம் பற்றிய பத்து மதிப்பெண் விடையை வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடிய என் தோழி, அந்த டீசல் பில்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்த இடத்திலேயே வைத்தாள்.

அவளுடைய அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை இழந்தவர். இன்று அந்தக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, உப்பு தனியே பிரிக்கப்பட்டு, நீர் மறுபடியும் பட்டறைக்கே போகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை அந்த வீட்டுப் பெண்ணுக்குக்கூட எங்கள் பாடம் காட்டவில்லை.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின்படி பல்கலைக்கழக மானியக் குழு இந்தப் பாடத்தை எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாக்கியபோது, 100 மதிப்பெண்ணில் 25-ஐக் களப்பணிக்கென்றே ஒதுக்கியது; ஆற்றையோ குளத்தையோ, மாசுபட்ட ஓர் இடத்தையோ மாணவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றது. எங்கள் கல்லூரியில் அந்தக் களப்பணி, மூத்த மாணவர்களின் நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்தது. பாடம் எடுத்த கௌரவ விரிவுரையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் தலையில் இந்தத் தாளைக் கட்டுவதும், நிரந்தரப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாகவே வைத்திருப்பதும், பிறகு மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று மேடையில் வருந்துவதும் அவர் செய்தவை அல்லவே. ஆர்வமில்லாதவர்களா மனு எழுதுவார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியாரிடம் பணம் கட்டி இதையே சான்றிதழ் படிப்பாகப் படிக்கிறார்கள். மற்றவர்களுக்கு உங்கள் வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை.

வேலை இல்லாமலும் இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றுள் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 நிதியாண்டிலிருந்து, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. வெளிநாட்டில் சட்டை வாங்குபவர்கள் திருப்பூரின் ஆலைகளிடம் நீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும் கேட்கிறார்கள்.

கோபத்தில் நீட்டி எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும். நாங்கள் புதிய துறையோ கட்டடமோ கேட்கவில்லை. அந்த 25 மதிப்பெண் களப்பணியை மெய்யான களப்பணியாக்குங்கள் என்றே மீண்டும் கேட்கிறோம். ஒவ்வொரு கல்லூரியும் தன் மின்கட்டண ரசீதையும், தண்ணீர்த் தொட்டியின் கணக்கையும், விடுதிக் குப்பையின் எடையையும் மாணவர்கள் கையில் கொடுத்துக் கணக்கெடுக்கச் சொன்னாலே போதும், பாதிப் பாடம் வந்துவிடும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மாணவர் இருவரைப் பத்து நிமிடம் பேச அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியின் கடந்த ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை, அலுவலகம் கொடுத்தால், கணக்குப் போட்டு எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி ஒன்றின் மூன்றாம் ஆண்டு மாணவி