புதுத் தகரத்தில் வெள்ளை பூத்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தென்மேற்கு மழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பிடித்துக்கொண்டால் எங்கள் ஹாட்வெயார் கடைக்கு வரும் முதல் முறைப்பாடு இதுதான்: "போன கிழமைதான் வாங்கினோம், அதுக்குள்ள தகரம் வெள்ளையா பூத்துப்போச்சு, பழைய சரக்கைத் தள்ளிவிட்டீங்களா?" இல்லைங்க. அது நாகம், அதாவது சிங்க் என்கிற உலோகம், செய்யும் வேலை.

கூரைத் தகரம் உள்ளே இரும்புதான். அதன்மேல் நாகம் பூசியிருக்கும். நாகம் 420 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்து எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 1837இல் பிரான்சில் சொரேல் என்பவர் இதற்குக் காப்புரிமையே வாங்கினார். நாகத்தைத் தனியாகப் பிரித்த பெருமையை 1746இல் அதைச் செய்த ஜெர்மன்காரர் மார்க்கிராபுக்குத்தான் கொடுப்பார்கள், ஆனால் ராஜஸ்தானின் ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைக் காய்ச்சி இறக்கியிருக்கிறார்கள்.

சரி, பூச்சு எதற்கு? இரும்பும் நாகமும் ஒட்டியிருந்து நனைந்தால் நாகம்தான் முந்தி அரிபடும், அதனால் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்திலிருக்கும் நாகம்தான் முதலில் கரையும், இரும்பு தப்பிக்கும். வெறும் பெயின்ட்டுக்கு இந்தக் குணம் கிடையாது.

கூரையில் ஏறிய தகரம் நனைந்து நனைந்து காயும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்து நாகத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் கட்டும், அதுதான் பிறகு காவல். ஆனால் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாயும் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால், பனியும் மழையும் இடையில் தேங்கி, காற்றுப் புகாமல், படலத்துக்குப் பதில் வெள்ளை மாவு பூக்கும். லேசாக இருந்தால் நைலோன் பிரஷால் தேய்த்துக் காயவிடுங்கள், போதும். செம்மண் நிறத் துரு தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், அதை எடுத்து வாருங்கள், பார்க்கிறோம்.

லயத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் தரையில் வைக்காமல் மரக்கட்டைமேல், ஒரு பக்கம் சாய்வாக, நடுவில் சின்னச் சட்டங்கள் கொடுத்து வையுங்கள். வெட்டுவதற்குத் தகரக் கத்தரி நல்லது, கிரைண்டர் போட்டால் வெட்டிய ஓரத்தில் பூச்சு எரிந்துவிடும். வெல்டிங் தம்பிமாருக்கும் ஒரு சொல்: நாகம் பூசிய தகரத்தைப் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், வெளியில் வைத்தே பற்றவையுங்கள்.

குத்துவிளக்கின் பித்தளையிலும், டோர்ச் பெட்டரியின் உறையிலும், தேயிலைக் கொழுந்துக்குத் தெளிக்கும் சிங்க் சல்பேட்டிலும் இருப்பது இதே நாகம்தான். அப்புறம், நாகம் பூசிய கல்வனைஸ் வாளியில் புளிக்கரைசல், ஊறுகாய் வைக்காதீர்கள் அக்கா, புளிப்பு பட்டால் நாகம் கரைந்து சாப்பாட்டில் கலக்கும்.

தகரம் இறக்கும் நாளில் மழை என்றால் முதலே சொல்லுங்கள், லொறியை அடுத்த நாள் அனுப்புகிறோம், அதற்குத் தனிக்கூலி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ஹாட்வெயார் கடை