கரண்ட் வைக்காத நாட்கள்

மாப்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை, என் ஃபிசியோதெரபி கிளினிக்கைக் காலி செய்துகொண்டிருந்தேன். முட்டி வலிக்காரர்களை மாடி ஏற வைத்த ஒரே புண்ணியவான் நீதான்டா என்று கிண்டல் செய்வாயே, பழங்காநத்தம் மெயின் ரோட்டில் அந்த இடம், அது இப்போது என்னிடம் இல்லை. வீட்டு முன்ரூமில் கிடந்த சோபாவைத் தங்கச்சி வீட்டுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். தோளுக்குச் சுற்றிப் பழகுகிற ஷோல்டர் வீலைச் சுவரிலிருந்து கழற்றும்போது ஒரு முழத்துக்குப் பூச்சு பெயர்ந்து வந்தது, ஓனர் அதற்கும் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

நொடித்துப்போய்விட்டான் என்று நம்ம செட்டில் யாரிடமும் சொல்லிவிடாதே. கொஞ்சம் நொடித்தது உண்மைதான். எனக்கு வாரத்துக்கு நாலு முட்டி அனுப்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி கீழ்த்தளத்தில் சொந்தமாகவே ஃபிசியோ டிபார்ட்மென்ட் திறந்துவிட்டது, அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் பேஷண்ட், அவர்கள் கட்டடம். இன்னொரு இடத்தில் அனுப்புகிறோம், ஆனால் பில்லில் முப்பது சதவீதம் வேண்டும் என்றார்கள். நான் வாங்குவது ஒரு தடவைக்கு முந்நூறு. அதில் தொண்ணூறைக் கொடுத்துவிட்டு, அதை ஈடுகட்ட ஐந்து தடவை வர வேண்டியவரை எட்டுத் தடவை வரச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஆப் வைத்து வீட்டுக்கு ஃபிசியோ அனுப்புகிற ஒரு கம்பெனிக்காரன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். என்னைப் 'பார்ட்னர்' என்றான். நேரம் அவன் சொல்வது, ரேட் அவன் சொல்வது, பெட்ரோல் மட்டும் என்னுடையது, இதில் என்ன பார்ட்னர்.

காப்பீட்டு விஷயத்தில் நம் ஊர் ஒரு வினோதம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு ஜனங்கள் நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அது பெரிய காரியம், நாம் படிக்கிற காலத்தில் நினைத்துப் பார்த்திருப்போமா. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் என்னைப் போன்றவனிடம் வந்து முட்டியை மடக்கப் பழகுகிற செலவு கைக்காசு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவருகிற ஒரு பெரியவர் எழுபது டிகிரி மடங்கியதும், தரையில் உட்காராவிட்டால் என்ன, நாற்காலி இருக்குல்ல என்று நின்றுவிட்டார். தொண்ணூறாவது வராமல் பஸ் படி ஏறுவதே பாடு, அவருக்குத் தெரியாமலா, முந்நூறு ரூபாய் கணக்குதான்.

அமெரிக்காவில் உன் வேலையைப் பற்றி நீ எழுதியிருந்த எட்டு நிமிஷக் கதையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பதினைந்து நிமிஷ யூனிட் ஒன்றுக்கு உங்கள் அரசு காப்பீடான மெடிகேரில் பில் போட வேண்டுமானால் எட்டு நிமிஷமாவது கை வைத்திருக்க வேண்டும், ஏழு நிமிஷம் என்றால் அது கணக்கிலேயே இல்லை, அசிஸ்டென்ட் செய்தால் 85 சதவீதம்தான் வரும் என்றால், நீ பேஷண்டைப் பார்ப்பாயா, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாயா? இங்கே கடிகாரம் இல்லை, மெஷின் இருக்கிறது. உனக்கு மறந்திருக்காது, உள்ளே வரும்போதே 'கரண்ட் வைங்க சார்' என்றுதான் வருவார்கள். வலிக்கு லேசாக மின்சாரம் விடுகிற ஐஎஃப்டி மெஷினைப் போட்டு நாலு பேடு ஒட்டினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடும், வலி ஒரு மணி நேரம் அடங்கும், திருப்தியாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் இதற்கா காசு என்று பார்ப்பார்கள். இருபது வருஷமாக நானும் பயந்துகொண்டு கரண்ட் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது மாறியதற்குக் காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் வாசலில் சவுக்குக் கம்புகளை நட்டு இடுப்பு உயரத்துக்கு இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டி வைத்திருக்கிறது, நம் காலேஜில் நடை பழக்குவதற்கு இருந்த பேரலல் பார் மாதிரியே. யார் கட்டியது என்றேன். 'கவர்மென்ட்டு ஃபிசியோ பிள்ளை சொல்லுச்சு' என்றார் அந்த வீட்டம்மா. மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தபோது பிபி, சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டம் என்றுதான் பேசினார்கள், அதிலேயே ஃபிசியோவும் வீட்டுக்கு வருகிறது என்பது என் ஹோம் விசிட் குறைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதலில் வயிறு எரிந்தது, ஒளிக்கவில்லை. என் வருமானத்தில் பாதி அந்த மாதிரி வீடுகள்தான்.

ஆனால் அங்கே பார்த்தது வேறு. அந்த ஃபிசியோ பெண்ணுக்கு ஏகப்பட்ட கிராமம், நினைத்தபோதெல்லாம் வர முடியாது. வந்த அன்றைக்கு அந்த வீட்டம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். புருஷன் எழும்போது எந்தப் பக்கம் நிற்பது என்பது மட்டுமில்லை, வாதத்தில் விழுந்த தோளை எப்படி இழுக்காமல் இருப்பது, அது முதற்கொண்டு. நாம் இரண்டாம் வருஷத்தில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா பிசகில்லாமல் செய்கிறார். வலது கையைத் தலையணையில் தாங்க வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் நான் பையைத் திறக்கவே இல்லை. மோர் குடித்துவிட்டு, நடக்கும்போது முட்டி பின்னால் பூட்டிக்கொள்வதை மட்டும் திருத்திக் காட்டிவிட்டு, பெட்ரோலுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டியில் வரும்போது யோசித்தேன். வாரத்துக்கு மூன்று மணி நேரம் நான் பார்க்கிறேன், மிச்சமுள்ள நேரமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? இத்தனை வருஷமும் அந்த ஆளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கூட ஒரு ஆள் வராமல் பேஷண்டைப் பார்ப்பதில்லை. முதல் தடவை ஒரு மணி நேரம், ஐந்நூறு ரூபாய், கூட வந்தவரும் செய்து காட்ட வேண்டும். அடுத்தது பத்து நாள் கழித்துத்தான். மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், விற்கவில்லை, மூடி மட்டும். முதல் மாதம் பாதிப் பேர் திரும்பி வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாயக்கர் மகால் பக்கத்திலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற ஒரு அம்மா வந்தார்கள். வலது கட்டைவிரல் அடியில் வீக்கம். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தேன், அலறல், கட்டைவிரல் தசைநாண் வீங்குகிற டி குர்வெய்ன்தான். ஓய்வு கொடுங்கள் என்று சொன்னால் அர்த்தமே இல்லை, முடிச்சுக்குத்தான் காசு, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மருமகளைத் துணி கொண்டுவரச் சொல்லி, அந்த அம்மாவை என் முன்ரூமில் முடிச்சுப் போட உட்கார வைத்தேன். இடது கையில் துணியைக் கிள்ளித் தூக்குகிறார்கள், வலது கையில் நூலைச் சுற்றிச் சட்டென்று இழுக்கிறார்கள், அந்த இழுப்பில் மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் வெட்டுகிறது. மடியில் தலையணை வைத்து முழங்கையைத் தாங்கினேன், இழுப்பை விரலில் இல்லாமல் முழங்கையில் எடுக்கச் சொன்னேன், ராத்திரிக்குக் கட்டைவிரலை அசையாமல் பிடிக்க ஒரு பட்டை. எட்டாம் நாள் மருமகள் போன் செய்து வீக்கம் வடிந்துவிட்டது என்றாள். பின்னாலேயே மாமியார் குரல்: 'கரண்ட் வைக்கவே இல்லையே, அதுக்கு ஐந்நூறா?'

நம் பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2025 செப்டம்பரில் டெல்லியிலிருந்து போடக்கூடாது என்று ஒரு கடிதம் வந்தது, மறுநாளே அதை நிறுத்தி வைத்து இன்னொரு கடிதம் வந்தது. நம் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளும் தீபாவளி. நான் போர்டே மாட்டவில்லை, முன்ரூமுக்கு எதற்குப் போர்டு. எனக்கு நெருடுவது வேறு. புதுப் பாடத்திட்டத்தில் கோர்ஸ் ஐந்து வருஷம், 2026-27லிருந்து நம் ஃபிசியோ பட்டப்படிப்பான பிபிடிக்கும் நீட் என்கிறார்கள். பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சீட் வாங்கிய நீயும் நானும் அந்தப் பரீட்சை இருந்திருந்தால் எங்கே இருந்திருப்போம்? நீ உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருப்பாய்.

கடைசியாக உன் அம்மா விஷயம். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம், பயப்படாதே, ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று விட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். நரிமேடு வீட்டுக்குப் போய் ஹால் சுவரில் விரலால் ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன், காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே. போன ஞாயிறு போனால் கோடு அதே இடத்தில், அதன் மேல் ஒட்டடை. தினமும் செய்கிறேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதே. வீடியோ காலில் கூப்பிடு, போனை டிவி மேல் சாய்த்து வைக்கச் சொல், பத்துத் தடவை சுவரில் ஏறுகிறவரைக்கும் வேறு பேச்சுப் பேசாதே. உங்கள் ஊரில் காலை ஆறு மணி ஆகுமே, பரவாயில்லை, எழுந்திரு.

உன்,
பழைய ரூம்மேட்