பம்பைக் குற்றம் சொல்லாதே

அன்புள்ள பாஸ்கர்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டப்போகிறாய். மொத்தமாகச் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். குண்டூசி வேலையை விட்டுவிட்டானாம், இந்த முறை நிஜமாகவே. வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி உன் கையெழுத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மினி டிராக்டரில் லிஃப்டைத் தூக்க எண்ணெயைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பு மறுபடியும் போய்விட்டது. சிரிக்காதே. புதுசு மாட்டினால் சில நாள் லிஃப்ட் ஜம்மென்று தூக்குகிறது. பிறகு பக்கெட் மெதுவாக ஏறுகிறது, ஏறும்போது உதறுகிறது, கடைசியில் ரொட்டவேட்டரை மண்ணிலிருந்து கிளப்பவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் வருவார், "டூப்ளிகேட் சார்" என்பார், கழற்றுவார், இன்னொன்றை மாட்டுவார், குறைந்துபோன அளவுக்கு எண்ணெய் ஊற்றுவார், ஒரு தடவை தூக்கி இறக்கிக் காட்டிவிட்டுப் போவார். செத்துக் கிடக்கிற பம்பை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எத்தனை டூப்ளிகேட்டடா வரும் ஒரே வண்டிக்கு?

இந்த முறை பழையதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நானே மேஜையில் வைத்துத் திறந்தேன். கியர் பற்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் உட்காரும் தட்டு இருக்கிறதே, அதன் முகம் முழுக்கப் பொடிப்பொடிக் குழி. நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுகிறது. அலுமினிய பாடிக்குள் எண்ணெய் நுழையும் பக்கத்தில் கியர் உரசிய தடம். அந்தத் தடம் லேசாக இருந்தால் இயல்புதான், வெளியேறும் பக்கத்து அழுத்தம் கியரை எப்போதும் இந்தப் பக்கமாகத்தானே தள்ளும். இதில் நகம் மாட்டுகிற ஆழம்.

குழியைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். கேவிட்டேஷன். எண்ணெய் போதுமான அளவு உள்ளே வரவில்லை, அழுத்தம் குறைந்த இடத்தில் குமிழ் பிறக்கிறது, அழுத்தமான பக்கத்துக்குப் போனதும் அது நொறுங்குகிறது, நொறுங்கும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தில் ஒரு துணுக்கைப் பெயர்க்கிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதை பேரிங் என்றார்.

நாமெல்லாம் பம்பு எண்ணெயை இழுக்கிறது என்றே பேசுகிறோம். அது எங்கே இழுக்கிறது? அது ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தள்ளி அதை நிரப்புகிறது. வெளியேறும் பக்கம் 150 பாருக்கு மேல் வேலை செய்கிற இயந்திரத்துக்கு, நுழையும் பக்கம் கையிருப்பு மொத்தமே ஏறக்குறைய 1 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும். அதிலும் 0.2, 0.3 பாருக்கு மேல் அந்தப் பாதையே தின்றுவிட்டால் கியர் பம்பு தாங்காது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேஜை மாட்டிப் பார்ப்பது பலசாலிப் பக்கத்தில்தான். சோணிப் பக்கத்தை ஒருவரும் சீந்துவதில்லை. இதை வீட்டில் விளக்க ஆரம்பித்தேன், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, எண்ணெய் ஏன் வரவில்லை? காற்று இழுத்தால் எண்ணெய் வெளுத்து நுரைக்கும், பாட்டிலில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து தெளிந்துகொண்டு வரும். தண்ணீர் கலந்திருந்தால் அப்படித் தெளியாது. என் எண்ணெயில் இரண்டுமே இல்லை. பம்புக்கு எண்ணெய் வரும் வழியில் உள்ள சல்லடையில் கொஞ்சம் அழுக்கு இருந்தது, துடைத்துப் போட்டும் சத்தம் போகவில்லை. என்னைக் குழப்பியது ஒன்றுதான். காலையில் வண்டி ஒழுங்காக இருக்கும், அரை மணி ஓடிச் சூடேறிய பிறகே சத்தம் வரும். சல்லடை அடைப்பென்றால் எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலையில் அல்லவா அதிகம் கத்த வேண்டும்?

அப்படியென்றால் சூட்டில் இளகுகிற ஏதோ ஒன்று. வழியில் அப்படி இருப்பது ரப்பர் ஹோஸ் ஒன்றுதான். கழற்றினேன். வெளியே வழவழவென்று புதுசு. நீளவாக்கில் அறுத்துப் பிரித்தால் உள் ரப்பர் ஒரு பக்கம் உரிந்து நிற்கிறது. நடுவில் கம்பிச் சுருள் இல்லை! முன்பொரு ரிப்பேரில் எந்தப் புண்ணியவானோ சாதாரண ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார். குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கிறது, சூடேறினால் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தினால் மறுபடி விரிந்துவிடும். பிறகு யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில் பயந்துவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கோடு வந்த பையன், பதினெட்டுகூட இருக்காது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஷர் பைப்பில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கப் போனான். கத்தித் தடுத்துவிட்டேன். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட இருக்காது, உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும், கையே போகும். அட்டையை நீட்டிப் பார் என்றேன். "இவ்வளவு நாள் கையாலதான் சார் பார்க்கிறேன்" என்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் பட்டறையில் இருக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறாயா? திரும்பவும் சொல்.

இப்போது கம்பிச் சுருள் வைத்த சக்ஷன் ஹோஸ் போட்டாயிற்று. ஆனால் கவலை தீரவில்லை. செத்த பம்புகள் அரைத்த பொடி எல்லாம் உள்ளேதானே இருக்கும்? மெக்கானிக் டிரெயின் போல்ட்டின் காந்தத்தைக் காட்டி "சுத்தமா இருக்கு பாருங்க" என்கிறார். அலுமினியம் எந்தக் காலத்திலடா காந்தத்தில் ஒட்டியது? கண்ணுக்குத் தெரிகிற மிகச் சின்னத் துகளே சுமார் 40 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அந்தக் கியருக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதைவிடச் சிறிசு. போதாததற்கு கியர் பாக்ஸ், பிரேக், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். முழுக்க வடித்து, சிலிண்டர்களைக் கழற்றி, பைப்புகளைக் கழுவி, ஃபில்டர் மாற்றிவிட்டுத்தான் புதுப் பம்பு. அதன் வாயிலும் எண்ணெய் ஊற்றி நிரப்பி, ஐடிலில் ஓடவிட்டு, அப்புறமே சுமை. நுழையும் பக்கத்தில் வேக்குவம் கேஜையும் மாட்டி, சூடேறிய பின் முள் எங்கே நிற்கிறதென்று பார்க்கப் போகிறேன்.

ஒன்றில்தான் முடிவெடுக்க முடியவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவலாமா? கழுவாவிட்டால் துகள் ஒன்று சிக்கி வால்வு திறக்காமலே போகலாம். கழற்றினால் செட்டிங் மாறும், திருப்பி வைக்க என்னிடம் நல்ல பிரஷர் கேஜ் இல்லை. உன்னிடம் ஒன்று இருக்கிறது, அது என்னுடையதுதான் என்பதை இந்த நேரத்தில் ஞாபகப்படுத்தவில்லை. கேஜோடு வா, இல்லாவிட்டால் கழற்றாதே என்று ஒரு வரி எழுது. அதுவரை வண்டியைத் தொடமாட்டேன்.

உன்,
ராஜு