ஓடும் மனிதன் சரி, கூரை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில் ஜப்பானின் ஒசாகா நகரத்து டோட்டன்போரி என்ற கால்வாய்க் கரைப் பகுதி பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படமும் பெரிதாகத்தான் இருந்தது. கால்வாய், வண்ண விளக்குகள், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடும் கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் விளம்பரப் பலகை மனிதன். நான் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் முப்பது வருடமாக ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை வைத்திருப்பவள். மகளும் மருமகனும் ஒசாகாவில் வேலை பார்க்கிறார்கள். பேரனைப் பார்க்கப் போன ஜூன் மாதம் அங்கே போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். டோட்டன்போரிக்கு மட்டும் ஐந்து தடவை போயிருப்பேன். அதனால் ஒரு கடைக்காரியின் கண்ணில் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

இடவப்பாதி மழைக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு, தப்பித்துப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். போய் இறங்கினால் அங்கேயும் மழை! ஜூனில் தொடங்கி ஜூலை பாதி வரை அவர்களுக்கும் மழைக்காலமாம். பிளம் காய் பழுக்கிற பருவம் என்பதால் 'பிளம் மழை' என்றே அதை எழுதுகிறார்கள். நம் ஊர் மழை மாதிரி அடித்து ஊற்றுவதில்லை. நசநசவென்று நாள் முழுக்கப் பெய்கிறது.

முதல் நாள் சாயங்காலம் ஷின்சாய்பாஷி ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தோம். நாலு எட்டு நடந்ததும் "அம்மா, குடையை மடக்குங்க" என்றாள் மகள். அப்புறம் கால்வாய்க் கரைக்குப் போய்ச் சேரும் வரை குடைக்கு வேலையே இல்லை. ஷின்சாய்பாஷி சூஜி என்ற அந்தக் கடைத்தெரு ஏறக்குறைய 600 மீட்டர் நீளம். தெருவின் தலைக்கு மேலே, இரண்டு பக்கக் கட்டடங்களுக்கும் நடுவில், வெளிச்சம் இறங்குகிற மாதிரி கூரை. தரையில் வழுக்காத கல். கடைக்குள் ஏற ஒரு படிகூட இல்லை. கார் கிடையாது, பைக் கிடையாது. சைக்கிளில் வந்தவர்கள்கூட இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனார்கள். என் இடது முழங்கால் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த முழங்காலோடு முழுத் தெருவையும் நடந்து முடித்தேன். ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

வேறு சத்தம் இருக்கிறது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பெட்டி ஏதோ பாட்டுப் பாடி விலை சொல்லிக்கொண்டே இருக்கிறது. எல்லை தாண்டிக் கேரளப் பக்கத்தில் கேட்கும் லாட்டரி அறிவிப்பு எவ்வளவோ மேல் என்று தோன்றிவிட்டது.

கூரை முடிகிற இடத்தில் எபிசு பாலம். எபிசு என்பது வியாபாரிகளுக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் உரிய சாமி. பாலத்தில் நின்றால் நீங்கள் படம் போட்ட மனிதன் எதிரே ஓடுகிறான். 1935-ல் முதல் பலகை வைத்தார்களாம். இப்போது இருப்பது ஆறாவது, 2014-ல் ஏற்றியது. எல்லோரும் அவனைப்போலவே ஒரு காலைத் தூக்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், காலை மட்டும் தூக்கவில்லை. பக்கத்தில் ஒரு உணவகத்தின் நெற்றியில் பெரிய நண்டு கால்களை அசைத்துக்கொண்டிருக்கிறது. பேரனுக்கு அதுதான் பிடித்தது.

அந்தக் கால்வாயின் கதைதான் எனக்குப் பிடித்தது. டோட்டன் என்ற வியாபாரி 1612-ல் சொந்தச் செலவில் வெட்டத் தொடங்கியதாம். 1615-ல் ஒசாகாவில் நடந்த சண்டையில் அவர் இறந்துபோக, உறவுக்காரர்கள் வெட்டி முடித்தார்கள். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். கரையில் நாடகக் கொட்டகைகள் வந்தன, நாடகம் பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. தின்றே சொத்தை அழிக்கிற ஊர் என்று ஒசாகாவைச் சொல்வார்களாம்.

தின்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டகோயாகி என்று ஒன்று விற்கிறார்கள். நம் உண்ணியப்பக் காரை (பணியாரச் சட்டி) மாதிரியே குழி குழியான இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, கம்பியால் சுழற்றிச் சுழற்றி உருட்டுகிறார்கள். உள்ளே பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) துண்டு. நம் கடற்கரையில் அதை மதிக்கிறவர்கள் குறைவு. அங்கே அதைத் தின்னப் பாதித் தெரு நீளத்துக்கு வரிசை. எனக்கு வாய் வெந்ததுதான் மிச்சம், ஆனால் அந்தப் பையன் கம்பி சுழற்றிய வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நல்லதை மட்டும் சொன்னால் ஆகாது. குப்பைத்தொட்டி தேடி அலுத்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆற்றோர நடைபாதையில் காலி டப்பாக்கள் உருண்டன. வடகரைத் தெருக்களில் மது விடுதிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள். மருமகனை ஒருவர் விடாமல் பின்தொடர்ந்தார், மகள் முறைத்த முறையில்தான் விலகினார். கால்வாய்க்குத் தென்பக்கம், சந்துக்குள் ஹோசென்ஜி என்ற சிறிய கோயில். 1945 குண்டுவீச்சில் சுற்றிலும் எரிந்தும் தப்பிய கற்சிலை ஒன்று அங்கே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அகப்பையால் தண்ணீர் ஊற்றி ஊற்றி, முகம் தெரியாதபடி உடம்பெல்லாம் பச்சைப்பாசி. நான் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள், ஊற்றவில்லை. பேரன் மூன்று அகப்பை ஊற்றினான். நம் மூர்த்திகளுக்கு நடக்கும் அபிஷேகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, கூரைக்கு வருகிறேன். யார் போட்டது என்று மருமகனைக் கேட்டேன். அரசாங்கம் தானாக வந்து போட்டுத் தரவில்லையாம். இப்படிப்பட்ட தெருக்களில் கடைக்காரர்களுக்குச் சட்டப்படி ஒரு சங்கம் இருக்கிறது. 1962-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கடைகள் சந்தா கட்டுகின்றன. கூரை, விளக்கு, தரை எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்கிறது. பெரிய வேலைக்கு அரசு மானியமும் கிடைக்கும். அதே ஊரில் டென்ஜின்பாஷி சூஜி என்ற கடைத்தெரு 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. அங்கே மளிகை, காய்கறி, செருப்பு என்று நம்மைப்போன்ற சாதாரணக் கடைகள்தான் நிறைய. பகட்டான இடத்துக்கு மட்டும் உரிய வசதி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? ஒவ்வொருவரும் அவரவர் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டுகிறோம். என் தார்ப்பாயில் தேங்கும் தண்ணீர் பக்கத்துக் கடை வாசலில் விழும், அவர் ஷீட்டில் வழிவது என் எண்ணெய்ச் சட்டிக்கு அருகே விழும். இடவப்பாதியில் ஒரு தடவை, ஐப்பசியில் மறுபடியும் என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் எங்களுக்கு. போன வருடம் இரண்டு சாக்கு சிப்ஸ் நமுத்துப்போய்க் கோழிக்குப் போட்டேன். கேரளத்துப் பாறசாலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், மழை தூறினால் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு தார்ப்பாய்க்குச் செலவழித்த காசைப் பத்து வருடம் சேர்த்துப் பார்த்தால், நூறு மீட்டருக்காவது ஒரு நல்ல கூரைக்குத் தொடக்கம் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். வியாபாரிகள் கூட்டத்தில் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தீயணைப்பு வண்டி உள்ளே வருமா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒசாகாவில் கூரையை உயரத் தூக்கியிருக்கிறார்கள், காலையில் சரக்கு வண்டிகள் வந்து இறக்கிவிட்டுப் போவதையும் பார்த்தேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். அடுத்த தடவை ஒசாகா பற்றி எழுதினால் ஓடுகிற மனிதனை விட்டுவிட்டு, தெருவில் நின்று மேலே பார்த்து ஒரு படம் போடுங்கள். என் போனில் பதினான்கு படங்கள் இருக்கின்றன. இரண்டில் என் விரல் விழுந்திருக்கிறது, மற்றவை தெளிவாகவே உள்ளன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்காரி,
களியக்காவிளை.