ஓடிபி மகனுக்கு, நோயாளி மருமகளுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோருக்கு இணையம் பெருந்துணையாக இருக்கிறது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை நான் மறுக்கவில்லை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும், மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும் என்பதையும் எங்கள் பெங்களூரு அல்சூர் பகுதியில் பலர் யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் செய்யும் அவசரத்தில் இவற்றை நின்று சொல்லிக்கொடுப்பவர்கள் அரிது.

ஆனால் ஒரு வீட்டில் இணையம் இருந்துவிட்டால் அது நோயாளியைக் கவனிப்பவருக்கும் கிடைத்துவிடும் என்று கட்டுரையாளர் எண்ணுவது சரியல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு. அதிலும் 49 வயதுக்கு மேற்பட்ட பெண்களை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. பக்கவாதத்தில் விழுந்த கணவரைத் தூக்கி உட்கார வைக்கும் மனைவியரோ பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவர்கள்.

எங்கள் தெருவில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மனைவியோ மருமகளோதான். நோயாளியின் ஆதாரோடு இணைந்திருக்கும் கைபேசி எண் மட்டும் மகனுடையது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ஓடிபி வெளியூரில் வேலை பார்க்கும் அவருக்குப் போகிறது. அவர் மீட்டிங் முடிந்து எடுத்துப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. வீட்டில் இருந்தும் இல்லாதது போலத்தான் இந்த இணையமும்.

மொழி இன்னொரு தடை. கன்னடத்தைச் சரளமாகப் பேசியும் ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாத தமிழர்கள் இங்கே ஏராளம். ஆங்கிலத்தைச் சொல்லவே வேண்டாம். இவர்களுக்கு வாட்ஸாப்பில் வரும் குரல் செய்தி புரிகிறது, படிவம் புரிவதில்லை. நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வழிநடத்த 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில், சாதாரண பட்டன் போனிலிருந்தே தமிழில் பேசி, நோயாளியின் மனநிலை பற்றி மட்டுமன்றி, கவனிப்பவர் தம் சோர்வைப் பற்றியும் ஆலோசனை பெறலாம். நான் விசாரித்த வீடுகளில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளியை உண்மையில் பார்த்துக்கொள்பவரின் எண்ணையும் கேட்டுப் பதிய வேண்டும்; அரசு விண்ணப்பங்களில் அந்த இரண்டாவது எண்ணுக்கும் ஓடிபி வர வழி செய்ய வேண்டும்; 14416ஐத் தமிழ், உருது, தெலுங்கு எழுத்துகளிலும் அச்சிட்டு மருந்துக் கடைகளில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.